முழுவிபரம் மிஸ்

“மாசி மாதம், இரண்டாம் சனி, காலை 6.10. மு.வி. சைக்கிளில் புறப்பட்டார். போகும் இடத்தைச் சொன்னார். நம்ப முடியவில்லை.” என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது.

மு.வி. என்றால் முழுவிபரம். குடாநாட்டில் ஒரு கேள்விக்கு முழுப்பதில் சொன்ன ஒரே மனிதப்பிறவி அவர்தான். குளிர்நாடு ஒன்றிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பாடசாலைக்கு மூன்று மாதம் வந்த பல்கலைக்கழக மாணவி. தன் நகரத்தில் பக்கத்து வீட்டுப் புங்குடுதீவுக் குடும்பத்திடம் தமிழ் படித்தவர். ஆங்கிலப் பகுதித் தலைவன் என்ற முறையில் அவருடைய பயிற்சி அறிக்கையில் நான்தான் கையெழுத்திட வேண்டும்.

கோப்பாயில் என் அயல்வீட்டுப் பரமேசக்கா அவருக்கு அறை கொடுத்திருந்தார். முதல் சனிக்கிழமை வாசல் படலையடியில் அக்கா கேட்டார்: “எங்கை பிள்ளை வெளிக்கிட்டாச்சு?”

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பதில்தான்: “சும்மா, உதிலை.” ‘இங்கே பக்கத்தில்தான்’ என்று பொருள். கொழும்புக்குப் போகிறவரும் அதையே சொல்வார். இந்தப் பெண்ணோ சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னார்.

“தொண்டைமானாற்றுப் பாலத்தடிக்கு அக்கா. நாரை பாக்கப் போறன். தண்ணி இருக்கு, மூண்டு வாழைப்பழம் இருக்கு. நாலரைக்கு வந்திடுவன். மழை பெய்தால் நாலேமுக்கால்.”

அக்கா நேரே என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், உவள் என்னத்தையோ ஒளிக்கிறாள்.”

“எல்லாத்தையும் சொன்னவள்தானே?”

“அதுதான் சொல்லுறன். ஒளிக்க ஒண்டும் இல்லாத ஆள் உவ்வளவு விளக்கம் குடுக்குமே?”

அக்கா சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. மாலை சரியாக நாலரைக்கு அவர் திரும்பி வந்தபோது சந்தேகம் உறுதியாயிற்று. சொன்ன நேரத்துக்கு வருகிற மனிதரை இந்த ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யார் கண்டது?

அடுத்த கிழமை அவர் சைக்கிளில் தூரநோக்கி தொங்கியது, அதற்கடுத்த கிழமை கயிறு. காணி வாங்க வந்தவர் என்றார்கள் சிலர். புதையல் என்றார்கள் சிலர். அவரிடமே கேட்டவர்களுக்குக் கயிற்றின் நீளம், வாங்கிய கடை, கட்டக்கூடிய முடிச்சு வகைகள் எல்லாம் சொல்லப்பட்டன. ஒருவரும் நம்பவில்லை.

வகுப்பில் இன்னொரு சங்கடம். ‘சனிக்கிழமை எங்கே போனீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். முழு வகுப்பும் ‘சும்மா, பக்கத்தில்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு கொப்பியிலும் அவர் சிவப்பு மையால், ‘எங்கே? யாருடன்? எத்தனை மணிக்கு?’ என்று எழுதித் திருப்பினார். மறுநாளே பெற்றோர் ஒருவர் அதிபர் முன்னால் நின்றார்: “சேர், உவ எங்கடை வீட்டு விசயமெல்லாம் பிள்ளையளிட்டைக் கிண்டுறா!”

அதிபர் என்னை அழைத்தார். “மாஸ்டர், சனி ஞாயிறிலை உந்தப் பிள்ளை எங்கை போறாள் எண்டு தெரியாமல் நீர் கையெழுத்து வையாதையும்.”

“வைக்காட்டி அவளுக்கு ஒரு வருசம் போயிடும் சேர்.”

“அப்ப கெதியாய்க் கண்டுபிடியும்.”

வந்த சனிக்கிழமை, மாசி இரண்டாம் சனி, அவர் சைக்கிளின் பின்னால் பாக்கு மரத்திலிருந்து விழுந்த ஒரு கமுகம் மடலைக் கட்டினார். மணற்காட்டுக்குப் போவதாகவும், மணல்மேட்டில் மடலில் இருந்து சறுக்கப்போவதாகவும் அக்காவுக்கு அறிவித்தார். வளர்ந்த பெண் சொல்லக்கூடிய பொய்யா இது? நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் வடமராட்சி முழுவதும் ஊர்ந்து போவது இலகுவல்ல. இஞ்சின் இரண்டு தடவை சூடேறி நின்றது. மூன்று நாய்கள் என்னை அடையாளம் வைத்துக்கொண்டன.

மணற்காட்டில் சவுக்கு மரமொன்றின் பின்னால் ஒளிந்து பார்த்தேன். அவர் மேட்டில் ஏறினார். மடலில் உட்கார்ந்தார். “ஊ!” என்று கத்தியபடி சறுக்கி வந்து, நேராக என் காலடியில் நின்றார்.

“சேர்! எங்கை போறியள்?”

“சும்மா,” என்றேன், “உதிலை.”

அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. மடலின் மணலைத் தட்டி என்னிடம் நீட்டினார். “ஒருக்கா இருந்து பாருங்கோ சேர். காலை மட்டும் மடக்கிப் பிடியுங்கோ.”

விசாரணையின் தேவை கருதி மூன்று தடவை சறுக்கினேன்.

திங்கட்கிழமை அதிபர் கேட்டார்: “என்னவாம்? எங்கை போறாளாம்?”

“சொன்ன இடத்துக்குத்தான் சேர்.”

“சொன்ன இடத்துக்கேயோ?” மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அப்ப உதிலை ஏதோ கிடக்கு மாஸ்டர்.”

“நான் கையெழுத்து வைக்கப்போறன்.”

“பிழைச்சால் உம்மடை தலை.”

அவர் முன்னாலேயே வைத்தேன். பங்குனிக் கடைசியில் முழுவிபரம் ஊருக்குப் புறப்பட்டார். விமான இலக்கம், இருக்கை இலக்கம், சாப்பாட்டு வகை எல்லாம் ஒழுங்கைக்கே தெரியும்.

பல்கலைக்கழகத்தில் அவர் சித்தியடைந்தாரா என்று கேட்டு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. ஆகவே அது உறுதிசெய்யப்படாத தகவல். என்றாலும் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘பயிற்சி மாணவி’ என்றிருந்ததை வெட்டி ‘ஆசிரியை’ என்று எழுதிவிட்டேன். உறுதியாகாததை எப்போதும் பென்சிலால் எழுதும் நான் மையால் எழுதியது அந்த ஒரு தடவைதான்.