காக்காய்க்குப் போன பூச்சி மாத்திரை

கோபாலபுரம்,
அமாவாசை, வெள்ளிக்கிழமை

சௌபாக்கியவதி நீரஜாவுக்கு அப்பா ராகவேந்திரன் அநேக ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனா போகிறது, பொய் சொல்ல மனசு வரவில்லை. வாட்ஸ்அப்பில் சொன்னால் நீ சிரிக்கிற பொம்மை போடுவாய். அதனால்தான் கூரியர்.

பெங்களூரில் வீடு கிடைக்கிறவரைக்கும் என்று நீ விட்டுப்போனாயே, அந்தப் பூனை பிஸ்தாவுக்கு வயிற்றில் புழு. வாலடியில் அரிசிமணி மாதிரி ஒன்று நெளிந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அதிலிருந்து தட்டில் சாதம் விழுந்தாலே நெளிகிறதா என்று பார்க்கிறேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஃபராஸ், "மீன்ல வெச்சுக் குடுங்க சார், ஈஸியா சாப்ட்ரும்" என்று இரண்டு மாத்திரை கொடுத்தார். நம்மாத்தில் மீனா! உன் அம்மா முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து உருட்டி, மாத்திரையை உள்ளே ஒளித்து சமையல் மேடையில் வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் பதுங்கின பூனையைப் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உருண்டையைக் காணோம். "அமாவாசையாச்சே, காக்காய்க்குத்தான் உருட்டி வெச்சிருக்கேள்னு மாடியில வெச்சுட்டேன். ஒரே வாயில முழுங்கிடுத்து. பித்ருக்களுக்குப் பரம திருப்தி"ங்கறா அம்மா. எனக்கு வேர்த்துக் கொட்டிடுத்து. வந்தது உன் தாத்தாவா இருந்தா? உயிரோட இருந்தப்பவே விளக்கெண்ணெயைத் துப்பிட்டு, குடுத்தவாளை அடிச்ச மனுஷர். அமாவாசையும் அதுவுமா அவருக்குப் பூச்சி மாத்திரை குடுத்த பிள்ளை நான் ஒருத்தன்தான். சாயங்காலம் ஒரு காக்கா ஜன்னல்ல உக்காந்து என்னையே பாத்துது. கதவை சாத்திட்டேன்.

இருந்த இன்னொரு மாத்திரைக்காகப் பூனையைத் துண்டில் சுத்தினேன். கை பூரா கீறல். மாத்திரை என் வேஷ்டி மேல. கீறல் வழியா புழு எனக்குள்ள போயிருக்குமோன்னு டாக்டருக்கு போன் பண்ணினா, "அப்டிலாம் போகாது சார்"னு சிரிக்கறார். டாக்டர் சிரிச்சாலே எனக்கு பயம். "அது எலும்பும் தோலுமா ஆயிண்டிருக்கு, நீங்க பயந்துண்டு நிக்கறேளே"ன்னு அம்மா கண்ணைத் துடைச்சுக்கறா. மருந்து உள்ளே போகலேன்னா என்ன ஆகுமோ, என் கையில அது நடக்கப்படாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தப் பூச்சியும் அண்டாமல் பகவான் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டிருக்கும் அப்பா

பி.கு.: கவரை ஒட்டுமுன் காபி குடிக்க உட்கார்ந்தேன். பிஸ்தா தானாக வந்து என் விரலில் இருந்த பாலாடையை நக்கியது. அந்த மாத்திரையையே பாலாடையில் சுருட்டி நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் விரல் சுத்தம். இப்போது என் மடியில் தூங்குகிறது. கால் மரத்துப்போச்சு. அசைந்தால் எழுந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வராதே.