இஷ்ட நகருக்கு ஒரு கால்வாய்

சுதந்திரத்துக்காக ஒரு ஊரையே உண்டாக்கி, அந்த ஊரில் தனக்கு மட்டும் இடமில்லாமல் பண்ணிக்கொண்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் இஷ்டம் நைனா. வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதிப் போடுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத் தெரியும், அவர் மனைவி வள்ளியம்மாவுக்குத் தெரியும். இரண்டுமே வாய் திறந்து சொல்லாது. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம் நைனா" என்பார். குழந்தையிலிருந்து கிழவர் வரை அவருக்கு எல்லாரும் நைனாதான். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஃபிட்டர், நான் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அங்கே புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், ஆட்கள் அடிக்கடி பாத்ரூமுக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடித்து, ஒரே ஒரு பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவைத்தார். டோக்கனோடு ஒருவர் போய்த் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். நைனா முதல் நாளே அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார். மூன்று நாள் கழித்து வந்தபோது மேனேஜர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எங்கய்யா போயிருந்தே?"

"பாத்ரூமுக்கு சார்."

டோக்கன் அன்றோடு ஒழிந்தது. நைனாவும் கொஞ்ச நாளில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார்.

அவருக்குள் ஊர் கட்டும் ஆசையைக் கிளப்பியது திருநின்றவூரில் இருந்த அவர் மச்சானின் அபார்ட்மென்ட். பால்கனியில் உள்ளாடை காயப்போடக் கூடாது என்று அங்கே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். படித்துவிட்டு வந்தவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. "துணி அவனுது, வெயிலு சாமியுது, நடுவுல செகரட்டரி யாரு நைனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கவரைப்பேட்டைக்கு மேற்கே பன்னிரண்டு பேர் சேர்ந்து மனை வாங்கினோம். இஷ்ட நகர் என்று பெயர். தலைவர், செயலாளர், சங்கம் எதுவும் கிடையாது. நுழைவில் நைனாவே ஒரு போர்டு எழுதி நட்டார். 'இங்கே யாரும் யாருக்கும் வேலை சொல்லக் கூடாது. பொதுக் காரியத்தில் ஒருத்தர் வேணாம்னா வேணாம்.' எங்கள் மொத்தச் சட்டமும் அவ்வளவுதான். அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு குடிவந்தோம்.

எதிர் வரிசையில் பழவேற்காட்டுச் சுசீலாக்கா. மீன் வியாபாரம். கருவாட்டைத் தெருவிலேயே பாய் விரித்துக் காயவைப்பார். எனக்கு அடுத்த வீட்டுப் பார்த்திபன் வெல்டர். தூங்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் இரும்பு அறுப்பான். ஒரு பக்கம் நாற்றம், ஒரு பக்கம் சத்தம். நான் நைனாவிடம் முறையிட்டேன்.

"அது அவங்க இஷ்டம் நைனா."

"அப்ப நான் என்ன பண்றது?"

"மூக்கைப் பொத்திக்கினா காதுக்குக் கை இல்ல, காதைப் பொத்திக்கினா மூக்குக்குக் கை இல்ல. எதுன்னு நீயே பாத்துக்கோ. அதான் சுதந்திரம்."

இதுவரைக்கும் தமாஷாகத்தான் இருந்தது. பொதுக் காரியம் என்று ஒன்று வந்ததும் பேஜாராகிவிட்டது.

தெருவிளக்கு எல்லாருக்கும் வேண்டும், கம்பம் யார் வாசலிலும் வேண்டாம். பூச்சி வரும் என்றார் ஒருவர், வாஸ்து இடிக்கும் என்றார் இன்னொருவர். கம்பம் நைனாவின் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. நட வந்த மின்வாரியத்துக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "இன்னா சார், தூங்க வாணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து குப்பைத்தொட்டி. அதுவும் நைனாவின் வாசலுக்கு வந்தது. அப்புறம் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் பன்னிரண்டு வீட்டுக்கும், தூண் நான்கும் நைனாவின் பக்கவாட்டுச் சந்தில். இடம் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் அவர் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் குப்பைத்தொட்டியைச் சுற்றி, தூணுக்கு ஒருக்களித்து, கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திரும்ப வேண்டியிருந்தது. விருந்தாளிகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஊருக்கெல்லாம் சொதந்திரம் குட்த்துட்டாரு. நான் துணி ஒணத்த எடமில்ல" என்று வள்ளியம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு மழை தன் இஷ்டத்துக்குப் பெய்தது. தெருத் தண்ணீர் பள்ளத்திலிருந்த சுசீலாக்கா வீட்டுக்குள் புகுந்து, மீன் வைக்கும் ஐஸ் பெட்டி கூடத்தில் மிதந்தது. மறு வருஷமும் அதே கதை. ஊராட்சியிலிருந்து ஓவர்சியர் வந்து பார்த்தார். எங்கள் வரிசையில் ஆளுக்கு மூன்றடி வாசலை விட்டுக்கொடுத்தால், தெருவோரமாகக் கால்வாய் எடுத்து ஏரிக்கால்வாயில் சேர்த்துவிடலாம் என்றார்.

பார்த்திபன் வேண்டாம் என்றான், பட்டறைக் கொட்டகை போய்விடுமாம். நானும் வேண்டாம் என்றேன். எனக்குப் போவது ஸ்கூட்டர் ஏற்றுகிற சாய்தளம். அதுவும் போன மாதம் போட்டது, டைல்ஸ் ஒட்டியது. சுசீலாக்கா முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஓவர்சியர் சுலபமாக ஒரு வழி சொன்னார். "சங்கம் வெச்சு ஓட்டெடுங்க. மெஜாரிட்டி வந்தா இடிச்சிக்கினு போய்க்கினே இருக்கலாம்."

நைனா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "ஏழு பேரு கையைத் தூக்கிட்டா அஞ்சு பேரு வாசலை இடிச்சிர்லாமா? அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தமா? வாணாம் சார். கால்வா என் ஊட்டு வழியா போவட்டும்."

அவர் வீட்டுக்குப் பின்னால்தான் ஏரிக்கால்வாய். ஆனால் பக்கத்துச் சந்தில் தொட்டியின் தூண்கள். மிச்சமிருந்த ஒரே வழி சமையலறை. அதன் குறுக்கே கால்வாய் போனால் அப்புறம் அது சமையலறை இல்லை, படித்துறை. நைனா அசையவில்லை. மறுநாள் காலையில் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துவிட்டார். வள்ளியம்மா அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, திட்டவில்லை. அதைத்தான் எங்களால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

சுவரில் நாலு போடு விழுந்திருக்கும். சுசீலாக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

"நைனா, வாணாம்."

"இது என் ஊடு. என் இஷ்டம்."

"ஊடு உன்னுது. கால்வா பொதுவு. பொதுக் காரியத்துல ஒருத்தி வாணாம்னா வாணாம். நீ எழுதுன போர்டு தான அது? நான் சொல்றேன், வாணாம்."

நைனாவின் கை அப்படியே நின்றது. "அப்ப தண்ணி எங்க போவும்? உன் ஊட்டுக்குள்ளதான வரும்?"

"வரட்டும். வருஷத்துக்கு ரெண்டு நாளு நான் கட்டில் மேல குந்திக்கினு போறேன். வள்ளி தெனமும் தெருவுல ஒல வெக்கணுமா?"

அவ்வளவுதான் சொன்னார். கூடையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். எங்களில் யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். என் சாய்தளத்தின் டைல்ஸ் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. எனக்கே அதைப் பிடிக்கவில்லை. சுத்தியலை எடுத்து முதல் அடி நானே போட்டேன். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பார்த்திபன், "தள்ளு சார், சுத்தியால இட்ச்சினே இருந்தா தீவாளி வந்துரும்" என்று அறுக்கும் மெஷினைத் தூக்கி வந்தான். எனக்கு முடித்துவிட்டுத் தன் கொட்டகையின் கால்களையும் அறுத்தான். மாலைக்குள் எங்கள் வரிசை முழுக்க வாசல்கள் மூன்றடி பின்னால் போயிருந்தன.

நைனா சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? சந்தேகப்பட்டார். வீடு வீடாகப் போய் விசாரணை நடத்தினார். யாராவது மிரட்டினார்களா, யாராவது கெஞ்சினார்களா, ஓட்டு கீட்டு எடுத்தீர்களா என்று குடைந்தார். ஒருவர்கூட ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

கால்வாய் வெட்டி முடித்து முதல் மழை வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். வாசல் என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது, ஒரு பலகை போட்டிருந்தேன். அதில் ஏறி நின்றார்.

"உண்மையைச் சொல்லு நைனா. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"பின்ன இன்னாத்துக்கு இட்ச்சே?"

சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. "உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் நைனா. அதான்" என்றேன்.

காலுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நைனா குடையைக் கொஞ்சம் என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.