வீரனாருக்கு விட்ட சேவல்

தங்கராசு மண்டிபோட்டு, ஆட்டுக்கல்லுக்கு அடியில் சேவலின் மூக்கு நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சேவல் அவர் கக்கத்தில் இருந்தது. மேல் அலகில் நுனி போன இடத்திலிருந்து ரத்தம் சொட்டி வேட்டியில் விழுந்தது.

சாதாரணச் சேவலாக இருந்தால் இந்நேரம் குழம்பு கொதித்திருக்கும். இது வீரனார் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். மகள் மேகலாவின் பிரசவத்துக்காக அரியலூர் கிளம்பும்போது மனைவி மலர்கொடி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"கொறை இருக்கிற உசுர வீரனாரு ஏத்துக்க மாட்டாருங்க. ஒரு றெக்க உதுராம பாத்துக்குங்க."

எதற்கு நேர்ந்தாய் என்று அவர் கேட்கவில்லை. பெண் நிறைமாசமாக இருக்கும்போது வேறு எதற்கு நேர்வார்கள்?

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகன் அன்பழகன் வீடு. வேலியை யார் தள்ளிப் போட்டது என்ற சண்டையில், மேகலா பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அந்த வீட்டிலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தால் தங்கராசு தன் கோழிகளை எண்ணுவார். இன்றைக்கும் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சேவலின் காலில் கயிறு போட்டு ஆட்டுக்கல்லோடு கட்டினார். சேவல் மிரண்டு தாவியது. கயிறு இழுத்தது. கல்லில் குப்புற விழுந்தது.

நுனி கிடைத்துவிட்டது. ஒரு அரிசி அளவுதான்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பினார். ரத்தம் நின்றது. ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்து, சேவல் தலையை உதற உதற கழுத்தெல்லாம் வழிந்து, பாதி அறுத்து விட்டதுபோல ஆகிவிட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மலர்கொடி.

"மேகலா இடுப்பு வலிக்குதுங்கறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். சேவலு நல்லாருக்கா?"

"அதுக்கென்ன, நிக்கிது."

போனை வைத்ததும் அவர் சேவலின் மூக்கைப் பார்த்தார். இங்கே மூக்கு உடைந்தது, அங்கே வலி எடுத்துவிட்டது. வீரனார் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம். போனால் ஊசி போடுவார்கள். ஊசி என்றால் அவருக்கு மனுசனுக்குப் போடுவதிலேயே நம்பிக்கை கிடையாது. செருப்பு ஒட்ட வாங்கிய பசை டியூப் மாடத்தில் இருந்தது. நுனியில் ஒரு சொட்டு விட்டு, அலகில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

நன்றாகவே ஒட்டியது. மேல் அலகும் கீழ் அலகும் ஒட்டின. அந்த இரண்டோடும் கட்டைவிரலும் ஒட்டியது. செருப்பு ஒரு நாளும் இப்படி ஒட்டியதில்லை.

விரலை இழுத்தால் சேவலும் கூட வந்தது. வாய் திறக்க முடியாமல் தொண்டைக்குள்ளேயே 'கொர் கொர்' என்றது. எண்ணெய் போட்டால் விடும் என்று யாரோ சொன்ன ஞாபகம். எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தார். காலி.

வேலியோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் அன்பழகன் விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தான். தங்கராசு அவனைப் பார்க்காமல் சேவலைப் பார்த்தார்.

"ஏ சேவலு! பக்கத்துல மனுசங்கன்னு யாராச்சும் இருந்தா, கொஞ்சம் தேங்கெண்ண கேளு."

அன்பழகனும் நிமிரவில்லை. "ஏ சேவலு! எண்ண எதுக்குன்னு ஒன்னப் புடிச்சிருக்கறவரக் கேளு."

"கைய வுட முடியலன்னு சொல்லு."

"வேலியத்தான் வுட மாட்டாரு, சேவலையுமான்னு கேளு."

"ஒட்டிக்கிச்சின்னு சொல்லு!"

அன்பழகன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். சிவப்புக் கழுத்துச் சேவலையும் அதன் அலகில் ஒட்டியிருந்த கையையும் பார்த்தான். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சேவல் கண்ணைச் சொருகியது. கழுத்து தொய்ந்தது. அதே நேரம் பையில் போன் அடித்தது. எடுக்கத் தங்கராசுக்குத் தைரியம் வரவில்லை.

"அன்பழகா, சிரிக்காதடா! சாவுதுடா! இதுக்கு ஒண்ணுன்னா எம் பொண்ணுக்கு ஆவாதுடா! அங்க வலியில கெடக்குறாடா!"

சிரிப்பு நின்றது. யார் தள்ளிப் போட்டதென்று தெரியாத அந்த வேலியை அன்பழகன் ஒரே எட்டில் தாண்டி வந்தான்.

"மேகலாவா? மொதல்லயே சொல்றதுக்கென்னண்ணே! புஷ்பவல்லி, எண்ணெயச் சுட வச்சி எடுத்துட்டு வா!"

அவன் பெண்டாட்டி புஷ்பவல்லி கரண்டியோடு ஓடி வந்தாள். அன்பழகன் வெதுவெதுப்பான எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தீக்குச்சியால் நெம்பினான். கொஞ்சம் தோலை அலகிலேயே விட்டுவிட்டுக் கட்டைவிரல் வெளியே வந்தது. அலகும் திறந்தது. ஒட்டிய நுனி மட்டும் கீழே விழுந்தது. மூச்சு வந்த சேவல், முதல் வேலையாக அன்பழகன் கையைக் கொத்தியது.

"கொழுப்பு கொறையல. வுடுண்ணே, நகம் மாரி வளந்துரும். அதுவரைக்கும் சோத்தக் கொழைச்சி வையி."

"வளர்ற வரைக்கும் வீரனாரு பொறுப்பாராடா?" தங்கராசு கீழே விழுந்த நுனியைப் பொறுக்கினார்.

மறுபடி போன். இந்தத் தடவை எடுத்தார்.

"எவ்ளோ நேரம் அடிக்கறது? சூட்டு வலிதானாம், பிரசவ வலி இல்லியாம். ஒக்காந்து இட்டிலி தின்னுட்டிருக்கா."

தங்கராசு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். உயிர் வந்ததும் உண்மையும் வந்துவிட்டது. "மலரு, சேவலு மூக்கு போச்சு. அன்பழகன் மட்டும் வரலன்னா..."

"யாரு வரலன்னா?"

"அன்பழகந்தான். பக்கத்துல ஒக்காந்திருக்கான்."

"பேசுனீங்களா? வாயத் தொறந்து அவருகிட்டப் பேசுனீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். தங்கராசு போனைத் தள்ளிப் பிடித்து முறைத்தார்.

"மூக்கில்லாத சேவல வச்சிக்கிட்டு மேகலா வேண்டுதல எப்புடித் தீக்கறதுன்னு நான் நடுங்கிட்டிருக்கேன். இவ என்னடா இப்புடிச் சிரிக்கிறா?"

சேவலுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்த புஷ்பவல்லி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"மேகலாவுக்கு நேர்ந்தது கெடா, மாமா. இந்தச் சேவலு, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்னு அக்காவும் நானும் சேந்து நேர்ந்து வுட்டது."