கார் பக்கத்தில் நிற்கும் இருவர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் நலம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இதை உடம்பு தேறிய பிறகு படியுங்கள்.

நீங்கள் இருபது வருஷம் வேலை பார்த்த மோட்டார் கம்பெனிக்கு எழுபத்தைந்து வயதாகிறது, அதை ஆரம்பித்த இரண்டு கூட்டாளிகளைப் பற்றிப் புத்தகம் எழுத ஆள் தேடுகிறார்கள் என்றதும் பெரிய முதலாளியிடம் என்னைச் சிபாரிசு செய்தது நீங்கள்தான். "சும்மாவே எங்கேயோ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா, கையில பேனாவைக் கொடுத்தா எழுதிடுவா" என்று சொன்னீர்களாம். மிக்க நன்றி. நான்கு மாதமாக ஒர்க்‌ஷாப்புக்கு மேலே உள்ள கண்ணாடி அறையில்தான் இருக்கிறேன். கீழே தட்டுகிற சுத்தியல் சத்தம் கண்ணாடியைக் கடந்து வருவதற்குள் தண்ணீருக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. தரையில் சிந்திய எண்ணெயில் ஊதாவும் பச்சையும் மெல்ல விரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் மூன்றாம் அத்தியாயம் தாமதமானது, சோம்பலால் அல்ல.

ஷோரூம் சுவரில் இருக்கும் படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கறுப்புக் கார், அதன் இரண்டு பக்கமும் கோட்டுப் போட்ட இரண்டு பேர். வலது பக்கம் நிற்பவர்தான் தன் அப்பா என்று பெரிய முதலாளி சொல்வார். அவருக்கு ஒரு வயதாகும்போதே அப்பா போய்விட்டார், வேறு படமே கிடையாது. அதனால் தினமும் காலையில் கடை திறந்ததும் அந்த முகத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேசைக்குப் போகிறார். அதே மாதிரி நடு வகிடு, அதே மாதிரி கோட்டு. ஒரு முறை நல்ல ஸ்கூட்டர் ஏஜென்சி தேடி வந்தபோது, அன்றைக்குப் படத்தில் அப்பா முகம் சம்மதமாக இல்லை என்று மறுத்துவிட்டவர். நானும் விடுவேனா, 'அந்தக் கண்களின் தொலைநோக்கு' என்று பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை படத்தை அச்சகத்துக்குக் கொண்டுபோகச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. ஸ்டோர்கீப்பர் ஸ்க்ரூவைக் கழற்றினார். படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: 'நாம் விற்ற முதல் வண்டி. வாங்கியவர்கள்: வலது பக்கம் பல் டாக்டர், இடது பக்கம் அவர் மைத்துனர்.' சித்தப்பா, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிப் பார்த்தால் அதே மாதிரி நூறு படங்கள். வண்டி விற்கும்போதெல்லாம் வாங்கியவரை நிற்கவைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். கூட்டாளிகள் ஒன்றில்கூட இல்லை. படம் வண்டி வாங்கியவர்களுக்குத்தான், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று கூட்டாளிகளுக்குள் ஒரு ஏற்பாடு, பெட்டியில் இருந்த நோட்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒருவர் வண்டி விற்பதும் படம் எடுப்பதும். இன்னொருவர், அதாவது பெரிய முதலாளியின் அப்பா, மெக்கானிக். ஆக நான் பன்னிரண்டு பக்கம் எழுதிய தொலைநோக்கு, எதிரே இருப்பவரின் கடைவாய்ப்பல்லைப் பார்க்கிற பார்வை.

இன்னொன்றும் உண்டு. படத்தின் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குச் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. அதில், காருக்கு அடியிலிருந்து இரண்டு வெறுங்கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முன்னால் மண்ணில், கேமராவோடு குனிந்த ஒரு நிழல். ஒரு கூட்டாளி கால், ஒரு கூட்டாளி நிழல். அவ்வளவுதான் கம்பெனியின் ஸ்தாபகர்கள். அன்று மதியம் முழுவதும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ காருக்கு அடியில் படுத்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

யோசித்து முடிவு செய்துவிட்டேன். வாய் திறக்கப் போவதில்லை. எழுபத்தாறு வயதில் ஒருவரிடம் போய், இது உங்கள் அப்பா முகம் இல்லை என்று சொல்ல நான் யார்? வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. பல் டாக்டரே ஸ்தாபகராக இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்டோர்கீப்பரிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன், "நான் ஸ்க்ரூவைத்தான்மா கழட்டினேன், வேற எதையும் பார்க்கலை" என்றுவிட்டார். நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள். சித்தியிடம் சொல்லவே சொல்லாதீர்கள், சொன்னால் அப்புறம் இதைப் புத்தகமாகப் போடவே தேவையிருக்காது.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, படத்தைத் திரும்ப மாட்டக் கொண்டுபோனேன். பெரிய முதலாளி வெற்றுச் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நாலு மாசம் தேடினியேம்மா, எங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லேன். ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார். சொல்லிவிட்டேன், சித்தப்பா. எல்லாவற்றையும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, அந்த உள்ளங்கால்களை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "கிரீஸ்" என்றார். அச்சகத்துக்கு நானே போன் செய்து வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொன்னேன். திரும்பி வந்தபோது, படத்தில் அந்தக் கால்களுக்கு மேலே நின்ற இருவரையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இவங்க கஸ்டமரா?" என்று கேட்டார். "இத்தனை வருஷமா நிக்க வெச்சிருக்கோமேம்மா. ஒருத்தராவது ஒரு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கலாம்."