லுங்கி டிசைனில் மலையேறிய காவடி

என் நைனா காவடி எடுத்துத் திருத்தணி மலை ஏறினார். அதைக் கட்டம் கட்டமாக நறுக்கி டிவிடியில் போட்ட அதிமேதாவி நான்தான். வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம். கம்ப்யூட்டர், கரண்ட், மேலே இருக்கும் முருகன் எல்லோரும் நிரபராதிகள்.

அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் 'கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டு' இருந்தேன். (பையன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டவர்களுக்கு அம்மா சொன்ன பதில் அது.) டிவிடி ரைட்டர் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் நான். அதனால் என்னை நானே பெரிய டெக்னீஷியன் என்று நியமித்துக்கொண்டிருந்தேன்.

நைனா வண்டியிலிருந்து விழுந்து முட்டியில் தகடு வைத்திருந்தார். மறுபடி நடந்தால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். சொன்னபடி எடுத்தார். அந்தக் கூட்டத்தில், அந்த பம்பைச் சத்தத்தில், நொண்டிக்கொண்டே ஆடி, ஒரு படியைக்கூட விடாமல் ஏறினார். இரவல் கேமராவோடு அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே ஏறியவன் நான். (எத்தனை பக்தர்களின் கால்களை மிதித்தேன் என்பது முருகனுக்கே வெளிச்சம்.) கடைசிப் படிகளுக்கு முன்பே ஓடிப்போய், உச்சியில் ஸ்டாண்ட் போட்டு, அவர் வந்து சேருவதையும் எடுத்தேன்.

பிரச்சினை கீழே இறங்கிய பிறகு ஆரம்பித்தது. நைனாவின் அக்கா புருஷன், எனக்கு மாமா, நைனாவுக்கு பாவா. பள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கிறார். அவர் போகிற இடமெல்லாம் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். "மச்சான் பாதியில உக்காந்துட்டான்பா. முட்டி புட்டுகிச்சு. நான்தான் காவடிய தோள்ல வாங்கிகினு மேல ஏத்துனேன்."

நான் மறுத்தால், "நைனாவுக்குப் புள்ள சப்போர்ட்டு" என்று சிரித்தார்கள். நைனா சண்டை போடவில்லை. "டிவிடி வந்துகினு இருக்குது. காதுகுத்துல பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மாமாவின் பேத்திக்குப் பள்ளிப்பட்டில் காதுகுத்து, சொந்தம் முழுக்க வரும். நைனாவின் மானம் என் கையில். அதாவது, என் மவுஸில்.

முதல் டிவிடியை பிளேயர் ஏற்கவே இல்லை. 'நோ டிஸ்க்' என்று சொல்லித் துப்பிவிட்டது. இரண்டாவதில் படத்துக்கு முன்னால் சத்தம் ஓடியது. 'அரோகரா' கேட்டு முடித்த பிறகுதான் நைனா வாயைத் திறந்தார். நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேகும், முடியப்போகும் நேரத்தில் கரண்ட் போகும். "டேய், சட்னி அரைக்கட்டுமா வேணாமா?" என்று அம்மா மிக்ஸி பக்கத்தில் நின்று கேட்பாள். "வோல்டேஜ் எறங்கிடும்மா" என்பேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இட்லிக்குப் பொடிதான்.

கடைசியில் ஒன்று சரியாக வந்தது. வந்தவுடன் எனக்குத் திமிர் ஏறியது. வெறும் காவடியை மட்டும் போட்டால் என் திறமை எப்படித் தெரியும்? சுழலும் வேல், பறக்கும் மயில், அதன் தோகையிலிருந்து 'எடிட்டிங், டைரக்‌ஷன்' என்று என் பெயர் குதிக்கும் மெனு. கூடவே எடுத்த டேப் அத்தனையும், அன்னதானத்தில் சாம்பார் ஊற்றியது உட்பட, ஒரே டிவிடியில் திணித்தேன். கம்ப்யூட்டரில் தீப்பெட்டி அளவு ஜன்னலில் ஓட்டிப் பார்த்தேன். அருமை!

பள்ளிப்பட்டில் மாமா வீட்டு ஹால் நிறைய சனம். பெரிய டிவி. என் மெனு பளபளத்தது, என் பெயர் குதித்தது. அடுத்து காவடி வந்தது. வந்தது என்றால், கலர் கலராகச் சதுரங்கள் வந்தன. நைனா ஒரு பக்கம் ஆட, சதுரங்கள் ஒரு பக்கம் ஆடின. முகம் எது, மயிலிறகு எது என்று எனக்கே தெரியவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "இன்னா மச்சான், இது நீயா? போன வாரம் நம்ம தறியில எறக்குன லுங்கியா?"

ஹால் அதிர்ந்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மயில் மேல் ஏறி அப்படியே ஓடிவிடலாம் போல இருந்தது.

நடந்தது இதுதான் (அப்புறம்தான் புரிந்தது). அசையாத பொருளை கம்ப்யூட்டர் முந்தின படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், செலவே இல்லை. அசைகிறதைப் புதிதாக வரைய வேண்டும், அதற்கு இடம் வேண்டும். நான் சாம்பாருக்கும் மெனுவுக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டதால், ஆடியவர்கள் எல்லாம் கட்டமானார்கள். ஆடாமல் நின்றவர்கள் அச்சாக விழுந்தார்கள்.

படம் உச்சிக்கு வந்தது. கீழே படியில் ஒரு சதுரக் குவியல் நொண்டி நொண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் நின்ற கேமராவின் ஓரத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், ஒரு பொட்டு வேர்வை இல்லாமல், கையில் சுண்டல் பொட்டலத்தோடு ஓர் ஆள். மீசை முடியைக்கூட எண்ணலாம். அந்த டிவிடி முழுக்கத் தெளிவாகத் தெரிந்த ஒரே மனிதர். படம் பிடித்த நானே அன்று அவரைக் கவனிக்கவில்லை; என் கண்ணெல்லாம் நைனா மேல்.

அத்தை டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"காவடி இப்பதான் ஏறி வந்துகினு இருக்குது. நீ அதுக்கு முன்னாடியே மேல நிக்கற. காவடிய தோள்ல வெச்சிகினு பஸ்ல போனியா?"

"ஆங்... அது... கூட்டம்டி. கூட்டந்தான் என்னை பஸ்ஸுக்குள்ள தள்ளிடுச்சு."

"சுண்டலையும் கூட்டந்தான் கையில வெச்சுதா?"

இந்த முறை ஹால் அதிர்ந்த அதிர்வில் காது குத்த வேண்டிய குழந்தை முன்கூட்டியே அழுதது. நைனா தலையை நிமிர்த்தினார். மெதுவாக வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, தகடு வைத்த காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு ராஜா உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஊருக்கு வந்து நான் ரோஷத்தோடு உட்கார்ந்தேன். மெனுவைத் தூக்கினேன். சாம்பாரை வெட்டினேன். காவடிக்கு மட்டும் ஒரு முழு டிவிடியை ஒதுக்கினேன். ஒருமுறை அகலம் தப்பாகி நைனா போலீஸ் இன்ஸ்பெக்டர் போலக் குண்டானார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தும் மாற்றினேன். பதிவு செய்த ஒவ்வொன்றையும் டிவி ரிப்பேர் கடையில் உண்மையான பிளேயரில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வந்தது பாருங்கள், ஒரு டிவிடி! நைனாவின் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து வழிவது தெரிந்தது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த படிக்குக் காலைத் தூக்குவது தெரிந்தது. கடைக்காரர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். "எங்க நைனா" என்றேன். அன்று போல் நெஞ்சை நிமிர்த்தி அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் கல்யாண வேலையில் யாராவது ஓரமாகக் கைகட்டி நின்றால், "பாரு, எவ்ளோ தெளிவா தெரியறான்" என்பார்கள். பெரும்பாலும் அது என்னைத்தான். ஒவ்வொரு கிருத்திகைக்கும் மாமா, அத்தையோடு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். இதற்காகவே ஒரு பழைய பிளேயரை ரிப்பேர் பார்த்துப் பார்த்து உயிரோடு வைத்திருக்கிறேன். போன கிருத்திகைக்கும் என் சாதனையை, அந்தத் தெளிவான டிவிடியை, துடைத்து எடுத்துக்கொண்டு போய், "நைனா, போடட்டா?" என்றேன்.

நைனா மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

"கட்டம் போட்டத போடு."