ஸ்டாப் அக்கா சொன்னால் பந்தும் நிற்கும்

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் ஓடுகிற எதையும் நிறுத்தும் சக்தி இரண்டுக்குத்தான் உண்டு. ஒன்று, நெடுஞ்சாலையின் சாயங்கால நெரிசல். இன்னொன்று, எங்கள் ஆபீஸ் கேட்டில் நின்ற ஸ்டாப் அக்கா. நெரிசலிலாவது பைக் ஓட்டுகிறவர்கள் சந்து கண்டுபிடித்து நுழைந்துவிடுவார்கள். அக்காவிடம் சந்து கிடையாது.

அவருடைய நிஜப்பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நீலச் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் எழுத்தெல்லாம் வெயிலில் அழிந்து, ஒரே ஒரு புள்ளி மட்டும் மிச்சமிருந்தது. பாதுகாப்பு ஏஜென்சி அனுப்பிய ஆள். நாற்பது வயதிருக்கும். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து நகரத்தின் பெரிய சந்தையான சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமந்தவர். அக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தச் சந்தைப் பக்கம்தான். அதனால் அவர் வாயில் தமிழும் மலையாளமும் ஒரே தட்டில் பரிமாறப்படும்.

தீ விபத்து ஒத்திகை நடந்த அன்று, மணி அடித்ததும் மூன்று மாடிக்காரர்களும் படியிறங்கி ஓடிவந்தோம். அக்கா கேட்டைச் சாத்திவிட்டு நடுவில் நின்றார்.

"ஸ்டாப்! தீ பிடிச்சாலும் கார்டைத் தேய்ச்சுட்டுத்தான் ஓடணும், கேட்டோ."

கேட்டோ என்றால் இங்கே 'புரிந்ததா'. ஒத்திகை நடத்த வந்த அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மழைக்காலத்தில் ஒரு சாரைப்பாம்பு கேட்டுக்குள் நுழையப் பார்த்து, அக்கா விசில் ஊதியதும் திரும்பிப் போனதை இரண்டு பேர் நேரில் பார்த்திருக்கிறோம். இன்னொருவர் கண்ணாடி போடாமல் வந்திருந்தார். ஆகவே பாம்பு விஷயத்தில் நான்தான் ஒரே சாட்சி.

இப்படிப்பட்டவர் எங்களுக்குக் கால்பந்துக் கோச் ஆனது, எங்களை விரட்டியடிக்க வந்த இடத்தில்.

எங்கள் வளாகத்துக் கம்பெனிகளுக்குள் வருஷா வருஷம் பெண்களுக்கான 'செவன்ஸ்' நடக்கும். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்து சாஃப்ட்வேர் டெஸ்டராகச் சேர்ந்த முதல் வருஷமே என்னை அணியில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஓட வராது என்பதால் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தினார்கள். கோல்கீப்பரை இங்கே 'கோலி' என்பார்கள். எதிர்க் கட்டடத்து அணி எங்களுக்கு எட்டு கோல் போட்டது. எட்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்றேன்.

அடுத்த வருஷம் மானம் காக்க வேண்டும் என்று எங்கள் கேப்டன் ரெஞ்சினி சபதம் போட்டாள். சனிக்கிழமைக் காலையில், கார் நிறுத்தும் கட்டடத்தின் காலியான மேல்தளத்தில் பயிற்சி. முதல் நாளே படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"ஸ்டாப்!"

நாங்கள் நின்றோம். பந்தும் உருண்டுபோய் அக்காவின் பூட்ஸ் நுனியில் நின்றது. தரை அந்தப் பக்கம் சரிவு என்று ரெஞ்சினி இன்றைக்கும் வாதாடுவாள்.

"ஆரு பர்மிஷன் தந்தது?"

ரெஞ்சினி செல்போனில் அனுமதி மெயிலைக் காட்டினாள். அக்கா அதை முழுக்கப் படித்தார். 'தேவையில்லாமல் அச்செடுத்து மரங்களை அழிக்காதீர்' என்று அடியில் இருந்த வரி வரைக்கும். பிறகு சுவரோரம் சாய்ந்துகொண்டு, "ம், விளையாடுங்க" என்றார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஸ்டாப்.

"இருபத்தி மூணு ஸாரி. எண்ணிட்டுத்தான் இருந்தேன். கோலு ஒண்ணு கூட இல்ல. நீங்க பந்து விளையாட வந்தியளா, மன்னிப்புக் கேக்க வந்தியளா?"

உண்மைதான். பந்தைத் தப்பாகக் கொடுத்தவள் ஸாரி சொன்னாள். அதைப் பிடிக்க முடியாதவளும் ஸாரி சொன்னாள். நடுவில் நின்றவள் வழியை மறித்ததற்கு ஸாரி சொன்னாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "எடி பிள்ளே, கோலி! நீ எதுக்கு ஸாரி சொன்னே? பந்து உன் பக்கமே வரலையே!"

"இல்லக்கா... வந்தா விட்டுருவேன். அதான் முன்னாடியே..."

அக்கா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஸாரி கூட அட்வான்ஸா?"

அன்றைக்கே சட்டம் போட்டார். தப்பு செய்தால் ஸாரி சொல்லக் கூடாது. 'அடுத்தது!' என்று கத்த வேண்டும். "தப்பு முடிஞ்சு போச்சு மக்கா. அது உன் முதுகுக்குப் பின்னாடி கெடக்கு. நீ அதுக்குக் கும்பிடு போட்டுட்டு நிக்கச்சில, பந்து உன்னைத் தாண்டிப் போவும்."

முதல் இரண்டு வாரம் எங்கள் மைதானம் ரேஷன் கடை மாதிரி இருந்தது. நாலா பக்கமும் "அடுத்தது! அடுத்தது!" ஆனால் மூன்றாவது வாரம் ஒரு விஷயம் கவனித்தோம். பந்தை இழந்தவள் அங்கேயே நிற்காமல் அதன் பின்னாலேயே ஓடினாள்.

பழக்கம் ஆபீசுக்குள்ளும் வந்துவிட்டது. நான் கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு பிழை வாடிக்கையாளர் கண்ணில் பட்டு, மீட்டிங்கில் என் மேனேஜர், "இது எப்படி விட்டுப்போச்சு?" என்று கடுகடுத்தார். வழக்கமாக அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்கிற நான், "அடுத்தது!" என்று கத்திவிட்டேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். என் சர்வீசில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த மீட்டிங் அதுதான்.

என் கண் மூடும் வியாதிக்கு அக்கா வேறு வைத்தியம் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் என்னைக் கேட்டுக்கு வரச்சொல்லி, நடுவில் நிறுத்தி, "வாற வண்டியை நிறுத்து" என்றார்.

"நானா?"

"பின்னே நானா கோலி?"

முதல் கார் ஹாரன் அடித்தது. நான் துள்ளி ஓரமாக விழுந்தேன். இரண்டாவது வண்டி சிரித்துக்கொண்டே போனது. அக்கா பக்கத்தில் வந்து சொன்னார்: "வண்டி பெருசா நீ பெருசான்னு பாக்காதே. அவன் உன்னைப் பாத்துட்டானான்னு மட்டும் பாரு. பாத்துட்டா அவன் மனசுல ஒரு பிரேக் விழும். கண்ணை மூடிட்டா அவன் பாத்தானான்னே உனக்குத் தெரியாதே."

மூன்றாவது காருக்குக் கையை நீட்டினேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. என் மேனேஜர். "இங்கே என்ன செய்றே?" என்றார். "ஐடி கார்டு காட்டுங்க சார்" என்றேன். காட்டினார். அந்த ஒரு மத்தியானத்தில் எனக்குப் பிறந்த தைரியம், நான் படித்த எந்தப் படிப்பிலும் வரவில்லை.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். அடுத்தது இரண்டுக்கு ஒன்று, ஜெயித்தோம். அரையிறுதியிலும் எப்படியோ தப்பித்து, இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றோம். எதிரில் அதே எதிர்க் கட்டடத்துக்காரர்கள். அவர்களுக்கு டிராக் சூட் போட்ட கோச், கையில் டேப்லெட்.

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே எங்களோடு நின்ற அக்காவிடம் போட்டிக் கமிட்டிப் பையன் ஒருவன் வந்தான்.

"சேச்சி, ஐடி கார்டு?"

அக்கா ஏஜென்சி கார்டைக் காட்டினார்.

"இது போதாது சேச்சி. கம்பெனி எம்ப்ளாயி மட்டும்தான் கயிற்றுக்கு உள்ளே நிக்கலாம். ரூல்."

ரெஞ்சினி சண்டைக்குப் பாய்ந்தாள். அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "ரூல் சரிதான். அவன் ஜோலியை அவன் செய்யட்டும்." பிறகு அந்தப் பையனின் தோளைத் தட்டி, "இனி ஆரையும் விடாதே, கேட்டோ" என்று சொல்லிவிட்டு, குனிந்து கயிற்றுக்கு வெளியே போனார். எல்லோரையும் நிறுத்திய ஆளை ஒரு துண்டுப் பிளாஸ்டிக் அட்டை நிறுத்திவிட்டது.

முதல் பாதியில் நாங்கள் பழைய ஏழு பேராக ஆனோம். எதிரணி ஏழாம் நம்பர் பெண் எங்களைச் சுற்றிக் கோலம் போட்டாள். ஒரு கோல் விழுந்தது. நான்கு ஸாரிகள் என் காதில் விழுந்தன. அதில் ஒன்று என்னுடையது.

இடைவேளையில் தலைகுனிந்து நின்றோம். ரெஞ்சினிதான் திடீரென்று நிமிர்ந்தாள். "அக்கா இங்கோட்டு வரக்கூடாதுன்னுதானே ரூல்? நம்ம அங்கோட்டு போகக்கூடாதுன்னு இல்லல்லோ!"

அணியே கயிற்றைத் தாண்டி ஓடியது. அக்கா ஒரு பெரிய வீர உரை ஆற்றுவார் என்று காத்திருந்தோம்.

"தண்ணி குடிச்சியளா?" என்றார்.

குடித்தோம்.

"பேடி உண்டா?" பேடி என்றால் இங்கே பயம்.

"உண்டு" என்றோம் கோரஸாக.

"நல்லது. அவளுகளுக்கும் உண்டு. அந்த டிராக் சூட்டு சாரு 'பேடிக்காதே, பேடிக்காதே'ன்னு அஞ்சு வாட்டி சொல்லியாச்சு. அப்படிச் சொன்னாதான் எதுக்குப் பேடிக்கணும்னு தேடத் தோணும். நீங்க பேடிச்சுக்கிட்டே ஓடுங்க. காலு ஓடுனா போதும், மனசு பின்னாடி மெல்ல வரட்டும்." பிறகு, "ஷீபா எறங்கட்டும்" என்றார்.

ஷீபா வாயே திறக்காத பெண். மூன்று ஆட்டத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தவள்.

"அக்கா, ஃபைனல்..." என்று ரெஞ்சினி இழுத்தாள்.

அக்கா ஒரு கணம் மைதானத்தைப் பார்த்தார். "ஸ்கூல் டீமுல நான் மூணு வருஷம் பெஞ்சு. ஒரு நாளு கூட எங்க சாரு 'எழும்பு'ன்னு சொல்லல. ஆடுறவளுக்குப் பந்துதான் தெரியும். பெஞ்சுல இருக்கிறவளுக்கு முழு ஆட்டமும் தெரியும்." பிறகு ஷீபாவிடம், "சொல்லு மோளே. அந்த ஏழாம் நம்பரு எப்படி?"

ஷீபா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பந்து இடது காலுக்கு வந்தா வலது காலுக்கு மாத்துவா. மாத்தறப்ப கீழே பாப்பா. அந்த நேரத்துல எடுக்கலாம்."

எங்களுக்கு வாய் பிளந்தது. இத்தனை நாள் பாட்டில்களுக்கு நடுவில் ஒரு உளவுத்துறையே உட்கார்ந்திருக்கிறது.

"எழும்பு" என்றார் அக்கா. ஷீபா ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் இன்னொரு தடவை நிமிர்ந்தாள்.

இரண்டாம் பாதியில் ஏழாம் நம்பர் இடது காலிலிருந்து வலதுக்குப் பந்தை மாற்றினாள். குனிந்து பார்த்தபோது பந்து இல்லை. ஷீபா எடுத்து ரெஞ்சினிக்குக் கொடுத்தாள், ரெஞ்சினி வலைக்குக் கொடுத்தாள். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு ஏழாம் நம்பர் போகிற இடமெல்லாம் ஷீபா நிழலாகப் போனாள். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். ரெஞ்சினி அடித்த பந்து, வேறெங்கோ பார்த்து நின்ற ஷீபாவின் முதுகில் பட்டு உள்ளே போய்விட்டது.

ஷீபா எதிரணிக் கோலியிடம் திரும்பி, மனதார, "ஸாரி!" என்றாள்.

"எடி!" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு இடி விழுந்தது.

கடைசி நிமிஷத்தில் எங்கள் ஆள் ஒருத்தியின் கையில் பந்து பட்டு, அவர்களுக்குப் பெனால்டி. ஏழாம் நம்பர் பந்தை வைத்தாள். பயம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோடுமேல் நின்று ஒரு கையை நேராக நீட்டினேன், கேட்டில் நீட்டிய மாதிரி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள். அந்தக் கண்ணில் ஒரு சின்ன பிரேக் விழுந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன்.

அடித்தாள். பந்து என் வலது பக்கம் வந்தது. விழுந்தேன். உள்ளங்கை எரிந்தது. பந்து கம்பத்துக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது. அதைவிடப் பெரிய அதிசயம், அத்தனையையும் நான் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசில் ஊதியதும் கோப்பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பார்த்து ஓடினோம். கமிட்டிப் பையன் தானே கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். எட்டுப் பெண்கள் சேர்ந்து அக்காவைத் தோளில் ஏற்றினோம். "ஸ்டாப்! ஸ்டாப்! நான் டூட்டியில இருக்கேன்!" என்று அக்கா மேலிருந்து கத்தினார். கழக்கூட்டத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக, யாரும் நிற்கவில்லை. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றினோம். மூன்றாவது சுற்றில் கத்துவதை விட்டுவிட்டுக் கையசைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஏஜென்சி அக்காவை நகரத்தின் மறுபக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு மாற்றியது. அங்கே போன இரண்டாவது மாதமே நர்சுகளைத் திரட்டி ஓர் அணி அமைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். நகரத்துப் பெண்கள் செவன்சில் வரும் சனிக்கிழமை எங்களுக்கு முதல் ஆட்டமே அவர்களோடுதான்.

போன வாரம் அக்கா போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"பிள்ளே, உனக்கு இடது பக்கம் விழ வராது. அதை எங்க நர்ஸ் குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தாச்சு. சொல்லாம இருந்தா அதுகளுக்குத் துரோகம். உங்கிட்டச் சொல்லாம இருக்கவும் மனசு வரல. வைக்கட்டா?"

வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் இடது பக்கமே விழுந்து பழகுகிறேன். தோள்பட்டை கன்றிக் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. என்னவென்று கேட்கிறவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறேன். என்னைத் தோற்கடிக்க வருகிறவர், நான் தோற்றுவிடுவேனோ என்று கவலைப்பட்டுப் போன் செய்ததை, எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?