உங்கள் மகளின் லாரியும் என் வயிற்றெரிச்சலும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் மூத்த மருமகன் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அதில் தங்கள் மகள் கொஞ்சம் அதிகமாகவே நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த சோபாக் கடையை மூடியதும், இனி எவனிடமும் கைகட்டி நிற்பதில்லை, லாரி டிரைவராகி உயரத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்ப்பது என்று நான் முடிவெடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள். "ஸ்கூட்டர்லயே விழுந்தவராச்சே மாப்பிள்ளை" என்று தாங்கள் சிரித்ததையும் நான் மறக்கவில்லை. முன் அனுபவம் தேவையில்லை, நாங்களே கற்றுத் தருகிறோம் என்று ஒரு லாரிக் கம்பெனி வாசலில் போர்டு வைத்திருந்தது. போனேன். போனவன் தனியாகப் போயிருக்கக் கூடாதா? மூக்குக் கண்ணாடியை மறந்துவிடுவேன், நீயும் வா என்று உங்கள் மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண்ணாடியெல்லாம் சும்மா சாக்கு. நான் அவ்வளவு உயரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதை அவள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கணும்னு ஒரு ஆசை, அவ்வளவுதான்.

லாரியில் எந்தக் காலை முதலில் வைத்து ஏறுவது என்று யாரும் சொல்லவில்லை. ஏதோ ஒரு காலை வைத்து ஏறினேன், உள்ளே போய்ப் பார்த்தால் சீட்டுக்கு முன்னால் மண்டி போட்டுக்கொண்டு நிற்கிறேன். கீழே உங்கள் மகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சரி போகட்டும் என்று வண்டியைக் கிளப்பினேன், அது ஒரு குதி குதித்தது, பிரேக்கை மிதித்தேன், பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டரின் டீ அவர் மடியிலேயே கொட்டியது. அவர் மடியைத் துடைத்துக்கொண்டே, "ரிவர்ஸ்தான் சார் முக்கியம்"னு ஆரம்பிச்சார். பின்னாடி மாட்டியிருக்கிற டிரெய்லர் இடதுபக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்பணுமாம். இது என்ன நியாயம் மாமா? நான் இடதுபக்கம்தானே போகச் சொல்றேன்? அரைமணி நேரம் வாதாடினேன். அதுக்குள்ள, நடுவுல ஓட்டிப் பழக வரிசையா வெச்சிருந்த காலி டிரம்முல பாதி உருண்டு போயிடுச்சு.

மாஸ்டருக்கு என்ன தோணுச்சோ, "அம்மா, சும்மாதானே நிக்கறீங்க, நீங்க ஏறுங்க"ன்னுட்டார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவ மாமா! ஏறினா. பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தா. ரெண்டு டிரம்முக்கு நடுவுல டிரெய்லரை மெத்தையில படுக்க வைக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்திட்டா. மாஸ்டர் கைதட்டறார். வயிறு பத்திக்கிட்டு எரியுது எனக்கு. "எப்படிம்மா?"ன்னு அவர் கேட்டதுக்கு உங்க மக என்ன சொன்னா தெரியுமா? "இவருகிட்ட ஒரு காரியம் ஆகணும்னா எதிர்ப்பக்கமாத்தான் சார் திருப்பணும். கல்யாணம் ஆனதுல இருந்து பழக்கம்"னு! அந்த ஆள் சிரிச்ச சிரிப்புல அந்த லாரி யார்டே அதிருது.

அன்னிலேர்ந்து அவளும் வகுப்புல சேர்ந்துட்டா. சேர்ந்த மத்தவங்க எல்லாம் மாஸ்டரோட அதட்டலுக்கே ஓடிட்டாங்க, மிச்சம் நாங்க ரெண்டு பேர்தான். கம்பெனிக்கு வேண்டியது ஒரே ஒரு டிரைவர். எனக்கு "பார்த்து சார், பார்த்து", அவளுக்கு "சபாஷ்மா". ராத்திரி தூக்கத்துலகூட அவ கை ஸ்டியரிங் திருப்புது, அதுவும் சரியாத் திருப்புது. ஆசைப்பட்டவன் நான், யோகம் அடிச்சது அவளுக்கு. சொல்லுங்க, எனக்கு எப்படி இருக்கும்?

ஆகையால் தங்களிடம் ஒரு சிறு உதவி. வெள்ளிக்கிழமை கடைசித் தேர்வு. அதற்குள் தங்களுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று அவளுக்கு ஒரு தகவல் அனுப்ப வேண்டும். நெஞ்சுவலி வேண்டாம், பயந்துவிடுவாள். முழங்கால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். சின்ன மாப்பிள்ளையிடம் மூச்சு விட வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே என்னைப் பார்த்தால் சிரிப்பு. தங்கள் இருவரின் ஆசியும் முழங்காலும் என்னைக் காக்கும் என்ற நம்பிக்கையில்,

தங்கள் மகளைக் கைப்பிடித்து, அவளிடம் தோற்றுக்கொண்டிருக்கும்
மூத்த மருமகன்

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்க மறந்து கடிதம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. தேர்வும் முடிந்துவிட்டது. நான் டிரம்மை மட்டுமல்ல, மாஸ்டரின் நாற்காலியையும் சாய்த்தேன். அவள் பாஸ். அன்று சாயங்காலம் வந்து, "எனக்கு வேணாங்க, ஆசைப்பட்டது நீங்கதானே, நீங்களே இன்னொரு தடவை டெஸ்ட்டுக்குப் போங்க, நான் கம்பெனியில போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்"னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! ஸ்டியரிங் பிடிக்க இப்படி ஒரு கையை வெச்சுக்கிட்டு வேணாமாம்! விட்டுக்கொடுக்க இவ யாரு? கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், மேனேஜர் முன்னாடி நிறுத்திக் கையெழுத்து போட வெச்சுட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். எனவே முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அது நன்றாகவே இருக்கட்டும். இன்று காலை தன் முதல் லோடை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கம்பெனி கேட்டில் என்னைப் பார்த்ததும் ஹார்ன் அடித்தாள், தெருவே திரும்பிப் பார்த்தது. "என் பெண்டாட்டி"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறாமைப்பட்டேன்.